சொட்டாத வண்டி

இந்த வீட்டில் ஒரு தடவையாவது நான் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். எல்லாம் என் பழைய காரால் வந்தது. என்னைவிட மூத்த கார். ஓயாமல் ஆயில் ஒழுகும். அதை மிதித்துக்கொண்டு நான் வீடெல்லாம் நடப்பேன். துடைப்பவள் என் மனைவி. ஒரு நாள் அவள் பந்தயம் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஷெட்டுத் தரையில ஒரு சொட்டு கிடந்தாலும் வண்டி என் தம்பிக்கு. ஷெட்டுல என் தையல் மிஷினைப் போட்டுக்குவேன். சம்மதமா?"

"சொட்டு இல்லேன்னா?"

"வண்டியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

அவள் வாய் திறக்காத வீட்டை நினைத்துப் பார்த்தேன். உடனே சம்மதித்தேன்.

வண்டிக்கு அடியில் புகுந்து, ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றினேன். பேரிங் தேய்ந்து, அதில் சுற்றுகிற கிராங்க் தண்டு ஆடியது. அது ஆடினால் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல் தாண்டி ஆயில் வழியத்தானே செய்யும்? புது பேரிங் வைத்தேன். மெழுகு மாதிரி ஒரு இழையைப் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் கொடுத்து முடுக்கி, அது நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி அளந்துகொண்டிருந்தேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"இடைவெளி பாக்குறேன். டைட்டா இருந்தா சுத்தாது. லூஸா இருந்தா ஒழுகும்."

"லூஸு எதுன்னு நான் மேலே இருந்தே சொல்லுவேன்."

"வேலை செய்யறவன்கிட்ட வம்பு பண்ணாதே."

"ஜன்னல் திரைக்கு அளவு கேட்டா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டறீங்க. இதுக்கு மட்டும் இழை வச்சு அளவா?"

எல்லாம் பூட்டி ஆயில் ஊற்றினேன். சனிக்கிழமை சாயங்காலம் எட்டிப் பார்த்தால், தரையில் சொட்டு. பளபளவென்று, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

தலையில் கை வைத்து உட்கார்ந்தபோதுதான் யோசனை வந்தது. ஆயில் இருந்தால்தானே ஒழுகும்? மொத்தத்தையும் வாளியில் வடித்துச் சாக்கால் மூடினேன். தரையையும் துடைத்தேன். கல்யாணமாகி நான் துடைத்த முதல் தரை அது.

காலையில் மனைவியும் அவள் தம்பியும் வந்தார்கள். அவள் விரலால் தரையைத் தடவினாள்.

"சொட்டுகூட இல்லையே. கெட்டிக்காரர்தான்."

எனக்கு உள்ளெல்லாம் குளிர்ந்தது. அவள் அதோடு விட்டாளா?

"தம்பி, உங்க அத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கார். ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு."

மச்சினன் ஏறி உட்கார்ந்தான். கையில் அவள் கொடுத்த சாவி. ஆயில் இல்லாமல் ஓடினால், நான் இழை வைத்து அளந்த பேரிங் அத்தனையும் கருகிப்போகும். வாயை மூடினால் எஞ்சின் போச்சு. திறந்தால் வண்டியே போச்சு. சாவி முன்னால் நகர்ந்தது.

"வேணாம்பா. உள்ளே ஆயில் இல்ல."

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"நேத்தே வடிச்சுட்டேன்."

மனைவி முகத்தில் ஆச்சரியமே இல்லை. "சமையலறை ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"தெரிஞ்சுமா அவன்கிட்ட சாவியைக் கொடுத்தே? எஞ்சின் பாழாப் போயிருக்குமே."

"எப்படிப் போகும்? அது ஷெட்டுக்கு நான் வாங்கின புதுப் பூட்டோட சாவி."