தொண்ணூறாம் அதிகாரத்து ஈரமானி

காய்ந்த கல்லுக்கு முள் பதினான்கைக் காட்டியது.

"அடுப்புல ஒரு மணி நேரம் வறுத்த கல்லுன்னுதானே சொன்னீங்க?" என்றார் ஆய்வாளர் தர்மராஜ்.

"ஆமாங்க சார்."

"அதுல நூத்துக்குப் பதினாலு பங்கு தண்ணியா?"

சின்னதுரை கருவியின் கறுப்புக் குமிழை இன்னொரு முறை திருகினான். முள் பதினான்கிலேயே நின்று, சொல்ல வந்ததை மாற்றிக்கொள்ள விருப்பமில்லாததுபோல் மெல்லத் துடித்தது.

அரியலூரில் அந்தச் சிமெண்ட் ஆலையின் கொள்முதல் பிரிவில் அவன் தற்காலிக எழுத்தன். சுண்ணாம்புக்கல்லின் ஈரத்தை அளக்கும் மின்னணுக் கருவியை ஜெர்மனியிலிருந்து வரவழைக்க விண்ணப்பம் எழுதியவன் அவன். சுங்கவரி அட்டவணையில் அளவைக் கருவிகளுக்குரிய தொண்ணூறாம் அதிகாரத்தில் அதைச் சேர்த்து வரிச்சலுகை கேட்டவனும் அவனே. துறைமுகத்தார் பெட்டியை ஒரு நிபந்தனையோடு விட்டார்கள்: ஆலையில் அது அளக்கத்தான் பயன்படுகிறது என்று ஆய்வாளர் ஒருவர் நேரில் கண்டு சான்று தர வேண்டும். அதற்கான தவணை இன்று மாலையோடு முடிகிறது.

மேலாளர் ஆண்டவர் காலையிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "சான்று வந்தா நீ பர்மனெண்ட். வரலன்னா சாயங்கால பஸ்ஸுல ஊருக்குக் கெளம்பிடு."

கருவியைப் பற்றிப் படித்திருந்த ஒரே மனிதரான வேதியியலர் மஞ்சள்காமாலையோடு திருமானூரில் படுத்திருந்தார். விளக்கப் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதில் சின்னதுரைக்கு விளங்கியவை படங்கள் மட்டுமே. எல்லாப் படத்திலும் கண்ணாடி போட்ட ஒருவர் முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய தர்மராஜ் சிரிக்கிற மனிதராகத் தெரியவில்லை. அவர் மடியில் அட்டவணைப் புத்தகம் இருந்தது. உலகத்துப் பொருள்களையெல்லாம் தொண்ணூற்றொன்பது அதிகாரங்களுக்குள் அடக்கிவிட்ட புத்தகம் அது. அவற்றில் எதிலும் அடங்காத பொருள் இருப்பதற்கே உரிமையற்றது என்பது அவருடைய துணிபு.

"கல்லு காஞ்சிருக்கு. முள்ளு ஈரம்ங்குது. ரெண்டுல யாரு பொய் சொல்றா?" என்றார்.

"யாரும் இல்லீங்க சார். இந்த ஊரு ஒரு காலத்துல கடலுங்க. இப்பவும் வெட்டுற கல்லுக்குள்ள சிப்பியும் சங்கும் கெடக்கு. அந்த ஈரம் ஒரு மணி நேர அடுப்புக்குப் போயிடுங்களா?"

தர்மராஜ் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில், 'கடல் ஈரம்' என்று எழுதிக்கொண்டார். சின்னதுரைக்கு நெஞ்சு சற்று நிமிர்ந்தது. அது நீடிக்கவில்லை.

"சரி. அப்ப இதே கல்லை நல்லா ஊற வச்சுக் கொண்டாங்க. முள்ளு ஏறுதான்னு பாப்போம்."

கல் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தது. நீர் சொட்டச் சொட்ட அதைக் கருவியின் தட்டில் வைத்த நேரத்தில் ஆலையின் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம். முற்றத்துக்கு அப்பாலிருந்த கல்லுடைக்கும் எந்திரம் ஓய்ந்தது; காலையிலிருந்து அதனோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்த மேசையும் ஓய்ந்தது. அறையில் பேசுவது முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது.

முள் இறங்கிச் சுழியத்தில் படுத்துக்கொண்டது.

"தண்ணியில ஊறுன கல்லுக்குச் சுழியம்," என்றார் தர்மராஜ். பிறகு தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி சரியா பன்னெண்டு."

"அது தற்செயலுங்க சார்."

"தற்செயல்னு அட்டவணையில ஒரு அதிகாரமும் கெடையாது தம்பி. இருந்து பாப்போம்."

உணவுக்கு எழச் சொல்லியும் அவர் எழவில்லை. கேண்டீனில் பரிமாறும் கமலவேணி இரண்டு தட்டுச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். மூவரும் முள்ளைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. வெளியே கற்கள் மறுபடி நொறுங்கத் தொடங்கின. முள் விழித்தெழுந்து பதினான்குக்குப் போயிற்று.

"பன்னெண்டு மணிக்கு நின்னு, ஒரு மணிக்குக் கெளம்புது," என்று தர்மராஜ் பக்கங்களைப் புரட்டினார். "தொண்ணூத்தொண்ணாம் அதிகாரம். கடிகாரங்கள். இதுக்குச் சலுகை கெடையாது."

"சார், கடியாரம்னா பன்னெண்டு நம்பரு இருக்கணும்ங்களே."

"ஒரு மணிதான் காட்டத் தெரிஞ்ச கடியாரமா இருக்கட்டும். அது செஞ்சவன் குத்தம்."

"சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடப் போவுதே, நம்ம ஆபீசுலயே சேத்துக்கலாம்," என்றாள் கமலவேணி, தட்டுகளை அடுக்கியபடி.

சின்னதுரை அவளைப் பார்த்த பார்வையில் ஒரு யோசனை பிறந்தது. கடிகாரம் என்றால், தட்டில் எதை வைத்தாலும் அதற்குக் கவலை இருக்கக் கூடாது. பொருளுக்கொரு விடை சொன்னால் அது அளவைக் கருவிதான். "அக்கா, கேண்டீன்ல வெங்காயம் இருக்கா?"

"குன்னத்து வெங்காயம் ஒரு மூட்டை கெடக்கு. எதுக்கு, சாருக்குப் பச்சடியா?"

"ஆராய்ச்சிக்கு."

கேண்டீன் வேலை முடிந்து வெங்காயம் வர மணி மூன்றரை ஆயிற்று. வைத்தார்கள். பதினான்கு. அதை எடுத்துவிட்டு உலர்ந்த துணியை வைத்தார்கள். பதினான்கு. ஒன்றுமே வைக்காமல் விட்டுப் பார்த்தார்கள். முள் அதற்கும் தயங்காமல் பதினான்கு என்றது.

தர்மராஜ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் குரலில் இப்போது கோபம்கூட இல்லை.

"கல்லுக்கும் பதினாலு, வெங்காயத்துக்கும் பதினாலு, காத்துக்கும் பதினாலு. கடியாரம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். கடியாரத்துக்காவது ஒரு பயன் உண்டு. தொண்ணூத்தேழுல போட வேண்டியதுதான்."

"அது என்னங்க சார்?"

"பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள்."

சின்னதுரையின் கண்முன் சாயங்கால பஸ் வந்து நின்றது. அதன் படியில் தன் தகரப் பெட்டி ஏறுவதையும், ஊரில் தாய்மாமன் அவனுக்குப் பேசிவைத்த தன் மகள் ரத்தினம்மாளின் கல்யாணத்தை 'வேலை நெலைச்ச பொறவு பாப்போம்' என்று மறுபடி தள்ளிவைப்பதையும் அவன் பார்த்தான்.

"சார், ஒரே ஒரு தடவை," என்று சொல்லிவிட்டு, வேறு பொருள் எதுவும் தோன்றாமல், தன் உள்ளங்கையையே தட்டில் வைத்தான்.

அப்போது மணி நாலு. சுரங்கத்தில் வழக்கம்போல் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. முள் துள்ளி எண்பதுக்கு ஓடிற்று.

தர்மராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுதும் வேர்வை வழிந்தது.

"வேர்வை," என்றார் மெதுவாக. "இருங்க." தம்முடைய கையைத் துண்டில் நன்றாகத் துடைத்து, தட்டில் வைத்தார். முள் பதினான்குக்கு வந்து அடக்கமாக நின்றது.

"இப்ப நீங்க வைங்க தம்பி."

சின்னதுரை வைத்தான். இரண்டாவது வெடி முழங்கியது. முள் எண்பதையும் தாண்டியது.

"காஞ்ச கைக்குப் பதினாலு, நனைஞ்ச கைக்கு எண்பது," என்றார் தர்மராஜ். அவர் முகத்தில், விளக்கப் புத்தகத்துப் படத்தில் கண்ட அதே சிரிப்பு அரும்பியிருந்தது. "என்ன நுட்பம் பாருங்க. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்."

"அப்ப ஊறுன கல்லுக்கு ஏன் சார் சுழியம் காட்டுச்சு?" என்று கேட்டாள் கமலவேணி.

சின்னதுரை அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான்.

தர்மராஜே விடை சொன்னார்: "அளவுக்கு மீறித் தண்ணியில முக்கிட்டாங்கம்மா. நுட்பமான கருவி, தெகைச்சுப் போயிடுச்சு. ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துத் தெளிஞ்சுது."

"வெங்காயம்?"

"அது மேல தோலு காஞ்சிருக்கும்."

அதற்குமேல் எந்த ஐயமும் எழ இடமில்லாதபடி அவர் பேனாவைத் திறந்தார். 'மேற்படி கருவி என் முன்னிலையில் முறைப்படி இயக்கிக் காட்டப்பட்டது. கல், காய்கறி, துணி, மனித உடல் ஆகியவற்றின் ஈரத்தை நுட்பமாக வேறுபடுத்தி அளக்கிறது. தொண்ணூறாம் அதிகாரத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரையை மையில் அழுத்தி ஓங்கிக் குத்தினார்.

சேதி கேட்டு வந்த ஆண்டவர் சான்றை இரண்டு முறை படித்தார். பின்பு சின்னதுரையின் தோளில் கைவைத்து, "நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்க. உன்னைப் போல மெஷினைப் புரிஞ்சவன்தான் நமக்கு வேணும்," என்றார். சின்னதுரை கண்களைத் துடைத்துக்கொண்டான்.

எல்லோரும் கருவியைச் சுற்றி நின்று அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆலையின் எலக்ட்ரீசியன் செல்லக்கண்ணு கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, மேசைக்குப் பின்னால் குனிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார், அந்த ஜெர்மன் பிளக்கு நம்ம செவுத்துல நொழையலன்னு சனிக்கெழமையே வெட்டி எடுத்துட்டேன், புதுசு இப்பத்தான் திருச்சியிலேருந்து வந்துச்சு, கொஞ்சம் நவுந்து நின்னீங்கன்னா மாட்டி வுடுறேன், மிஷினு ஓட ஆரம்பிச்சுடும்."