மருதுடையாருக்குப் பின்னால் நின்றவன்

"ஐயையோ, உங்களைப் போய் பெயின்ற் அடிக்கச் சொல்லுறதோ? எனக்கென்ன விசரே?" என்று கடை முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டார். "இருங்கோ. சோடா குடியுங்கோ."

பிரதீபன் இருந்தான். சோடாவும் குடித்தான். வேலை மட்டும் கிடைக்கவில்லை. மன்னார் உப்புக்குளத்தில் வேலை கேட்டுப் போன கடையெல்லாம் இதே கதைதான். வயிறு நிறையச் சோடா, கை நிறைய ஒன்றுமில்லை.

"அண்ணை, நான் பெயின்ரர். உங்கட கடைச் சுவரைப் பாருங்கோ, பொருக்கு வெடிச்சுக் கிடக்கு..."

"தெரியும், தெரியும். உடையார் உங்களை என்ன வேலைக்கு வச்சிருந்தவர் எண்டு ஊருக்கே தெரியும்," என்று முதலாளி கண்ணடித்தார்.

வினை அந்த உடையாரால்தான் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்த பிரதீபன், சென்னையில் ஒரு ரீவி நாடகத்துக்குப் போட்ட வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போயிருந்தான். அங்கே உயரமான ஒரு ஆள் தேவைப்பட்டது. கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு, நாடகத்தில் வரும் பெரிய மனிதர் மருதுடையாரின் கதிரைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றான். மூன்று வருடம் நின்றான். உடையார் சுண்டுவிரலை அசைத்தால் நாலு ஊர் நடுங்கும். பின்னால் நின்றவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. மன்னாருக்குத் திரும்ப வழி கிடைத்ததும், நாடகக்காரருக்கு ஒரு சொல் சொல்லாமல் மனைவி நிறஞ்சலாவோடு விமானம் ஏறிவிட்டான்.

இங்கே வந்து பார்த்தால், ஒரு சனல் அதே நாடகத்தை எப்போதோ முதலிலிருந்து போடத் தொடங்கி, மூன்றாம் வருடத்துக் கதைக்கு வந்திருந்தது. எட்டு மணியானால் மன்னார் ரோட்டில் கழுதைகளைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. பிரதீபன் வீட்டில் மட்டும் ரீவி இல்லை. மூன்று வருடம் நின்று பார்த்ததை இனி இருந்தும் பார்க்க வேண்டுமா என்று விட்டுவிட்டான்.

"இஞ்சரப்பா, சோடாவில சோறு அவியுமோ?" என்று நிறஞ்சலா கேட்டாள். "நத்தார்ப் பெருநாள் வரப்போகுது. ஊரெல்லாம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற நேரம். இப்ப வேலை இல்லாட்டி எப்ப? பேசாம அந்தப் பக்கமே இருந்திருக்கலாம்."

அந்தக் கடைசிச் சொல்தான் பிரதீபனைச் சுட்டது. சொந்த மண்ணில், சொந்தக் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்றுதான் அவன் கப்பல் விமானம் எல்லாம் விசாரித்து, கெஞ்சிக் கூத்தாடி வந்தான். திரும்பிப் போக அவனுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

"உண்மையைச் சொல்லிப் பாக்கிறன்," என்றான்.

சொன்னான். கண்ட இடமெல்லாம் சொன்னான். பதற்றம் வந்தால் அவன் வாயில் சென்னைத் தமிழ் வந்துவிடும். "நான் சும்மா நின்னேங்க, அவ்ளோதாங்க!"

"கேட்டியளோ, உடையாரின்ர பாசை!" என்று சந்தைச் சனம் சிலிர்த்துப்போனது. "என்ன ஒரு அடக்கம்!"

"மீசையை எடுங்கோ," என்றாள் நிறஞ்சலா. "ஆளை மட்டுக்கட்ட மாட்டினம்."

எடுத்தான். அவன் மாறுவேடத்தில் யாரையோ தேடுகிறான் என்று பின்னேரத்துக்குள் கதை பரவிவிட்டது. இரண்டு பேர் பயத்தில் ஊரை விட்டே போய்விட்டார்களாம். அவர்கள் என்ன செய்தவர்களோ, அது வேறு கதை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு லூர்தம்மா வந்தார்.

"தம்பி, என்ர வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை உனக்குத்தான். ஆனா முதல் ஒரு சின்ன உதவி."

"என்னக்கா?"

"சம்மாட்டியாரிட்டப் போறன். எனக்குப் பின்னால வந்து நில். வாய் திறக்க வேண்டாம்."

சம்மாட்டி அமிர்தநாயகத்துக்குப் படகுகள் நிறைய. கடலுக்குப் போகிற ஒழுங்கையை மறித்து அவர் வலைகளைக் குவித்து வைத்திருந்தார். கரைவலைக்காரர், கருவாடு காயவைக்கும் பெண்கள், கழுதைகள் எல்லோரும் சுற்றித்தான் போகவேண்டும். கேட்கப் போனவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர் பார்க்கிற பார்வை அப்படி.

ஒரு வீட்டு வேலையாவது கிடைக்கட்டும் என்று பிரதீபன் போனான். ஒழுங்கையைத் திறக்கச் சொல்லி லூர்தம்மா முழங்கினார். பிரதீபனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் கட்டிக்கொண்டான். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான்.

சம்மாட்டியார் மெதுவாக எழும்பினார். தோளில் சால்வை. வலக்கை மீசையில். சுண்டுவிரல் அசைந்தது. பிரதீபனுக்குப் பக்கென்றது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே! மூன்று வருடம் பின்னால் நின்று பார்த்த அதே சால்வை, அதே மீசைத் தடவல், அதே விரல். மனிதர் நாடகத்தைப் பார்த்துப் பார்த்து உடையாராகவே ஆகியிருந்தார்.

"லூர்தம்மா, நீங்கள் போங்கோ," என்றார். "தம்பி நிக்கட்டும்."

லூர்தம்மா போனதும் கதிரையில் சாய்ந்து, "எனக்கு எல்லாம் இருக்கு. பின்னால நிக்க ஒரு ஆள்தான் இல்லை. வாரும், நில்லும்," என்றார்.

"ஐயா, நான் பெயின்ரர்..."

சுண்டுவிரல் அசைந்தது. "நாடகத்தில பின்னால நிக்கிறவர் கதைக்கிறேல்ல. நீரும் கதைக்கப்படாது."

மறுக்கத் துணிவில்லாமல் அடுத்த நாளிலிருந்து பிரதீபன் மறுபடியும் நின்றான். சென்னையிலாவது மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் தந்து இருக்க விட்டார்கள்.

நிற்கத் தொடங்கியதும் சம்மாட்டியாரின் கொடி ஏகமாய்ப் பறந்தது. அவரே தன்னைத் துரத்திவிட வேண்டும் என்று பிரதீபன் வேண்டுமென்றே கொட்டாவி விட்டான். எதிரே இருந்த கொழும்பு மீன் வியாபாரி, தான் சொன்ன விலை இவர்களுக்குத் தூசு என்று நினைத்து விலையைக் கூட்டினான். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் பிரதீபன் ஒரு தரம் பலமாகத் தும்மினான். எதிர்த்துப் பேச எழும்பிய இரண்டு பேரும் அப்படியே குந்திவிட்டார்கள். அமிர்தநாயகம் ஏகமனதாகச் சங்கத் தலைவரானார். தலைவரானதும் ஒழுங்கைக்கு வலை போதாதென்று தகர வேலியே அடித்துவிட்டார்.

"எனக்குப் பின்னால நிக்கக் கூட்டிக்கொண்டு போனன், அங்க ஒட்டிக்கொண்டு நிண்டிட்டான்!" என்று லூர்தம்மா தலையிலடித்தார். "ஒருத்தரும் இவனுக்கு வேலை குடாதேங்கோ!"

முன்பு மரியாதையால் வேலை கொடுக்காத ஊர், இப்போது கோபத்தால் கொடுக்கவில்லை. சோடாவும் நின்றுபோனது.

நிறஞ்சலா ஏசவில்லை. பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். அதைப் பார்த்ததும் பிரதீபனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதை உள்ள வையும்," என்றான். "நாளைக்கு வாயைத் திறந்து சொல்லப்போறன். நடக்கிறது நடக்கட்டும்."

காலையில் கிளம்பினான். வழியெல்லாம் ஊர் ஒரு மாதிரியாக இருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் வணக்கம் சொன்னார், ஆனால் பின்பக்கமாகவே நடந்து கடைக்குள் போனார். சைக்கிளில் வந்த பொடியன் இறங்கி, அவன் தாண்டிப் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். லூர்தம்மா வேலிக்கு மேலால், "தம்பி, குறை நினையாதை. என்ர வீட்டு வேலை உனக்குத்தான். நீ வரேக்க முன்வாசலால வா, என்ன?" என்றார்.

ஒழுங்கைக்கு வந்தவன் திகைத்து நின்றான். தகர வேலி இல்லை. வலைகளும் இல்லை. கழுதை ஒன்று நடுவில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சம்மாட்டியார் வீட்டு முன்ஹோலில் கதிரை காலியாகக் கிடந்தது. அவர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லைப்போல.

"வாங்கோ தம்பி, வாங்கோ! பின்னால வேண்டாம், முன்னால நில்லுங்கோ!"

நேற்றுவரை 'நீர்', இன்றைக்கு 'நீங்கள்'. பிரதீபன் துணிவை வரவழைத்தான். "ஐயா, இனி என்னால இப்பிடி..."

"ஒண்டும் சொல்ல வேண்டாம்! பாதையைத் திறந்தாச்சு. தலைவர் பதவியையும் விட்டாச்சு. வேற என்ன வேணும்?"

"எனக்கா? எனக்குப் பெயின்ற் அடிக்கிற வேலைதான்..."

"அவ்வளவுதானோ! இந்த வீடு முழுக்க அடியுங்கோ. என்ர தம்பிமாற்ற வீட்டுக்கும் சொல்லிவிடுறன். ஆனா என்ர கண்ணுக்கு முன்னால நிண்டுதான் அடிக்க வேணும்."

பிரதீபனுக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. மடு மாதாதான் இவர் மனதை மாற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தான். ஓடிப்போய் நிறஞ்சலாவிடம் சொன்னான். அவள் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டாள். பிரஷும் வாளியுமாகத் திரும்பி வந்தான்.

வேலை தொடங்கியதும்தான் புதுச் சிக்கல். சம்மாட்டியார் சுவரை விட்டு எழும்பமாட்டேன் என்றார். "கொஞ்சம் தள்ளுங்கோ ஐயா," என்றால், முதுகு சுவரில் உரசியபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தார். ஒரு சுவரை அடித்து முடிப்பதற்குள் அடுத்த சுவருக்குப் போனார். அதையும் அடிக்க, ஈரம் காயாத முதற்சுவருக்கே திரும்பினார். மத்தியானத்துக்குள் அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நல்ல ஆகாய நீலம். சுவரில் அவருடைய முதுகின் அளவுக்கு ஒரு வெள்ளை.

தேத்தண்ணி கொண்டுவந்த சம்மாட்டியாரின் மனைவி அன்ரோனெற் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினார். பிரதீபன் பின்னாலேயே போனான்.

"அக்கா, ஐயாவுக்கு என்ன நடந்தது? முதுகில ஏதும் வருத்தமோ?"

அன்ரோனெற் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கட வீட்டில ரீவி இல்லையோ தம்பி? நேற்று இரவு நாடகத்தில, முகம் வடிவாத் தெரியாட்டியும், மருதுடையாரைப் பின்னால நிண்டு முதுகில குத்திச் சாக்காட்டின கறுப்புக் கண்ணாடிக்காரன் நீங்கள்தானே!"