மூன்று மணிக்குள் பன்னிரண்டு கணினிகள்

"இன்னும் சுத்திகினே கீதும்மா," என்றார் அலுவலக உதவியாளர் இஸ்மாயில் பாய், பவ்யாவின் திரையை எட்டிப் பார்த்து.

பவ்யா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மேலாளர் குணசேகரன் வந்துவிடுவார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சிறு நிறுவனத்துக்கென்று ஒரு நிரல்மொழி உண்டு. அதில் எழுதிவைத்த நூலகங்கள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள், கணினிக்குக் கணினி போனது பாயின் கழுத்தில் தொங்கிய பென் டிரைவில்தான். அதற்கு மாற்றாக பவ்யா ஒரு முறையை வடிவமைத்திருந்தாள். ஒரே கட்டளை, பன்னிரண்டு கணினிகளிலும் வேண்டியது வந்து இறங்கும். இன்று ஓடாவிட்டால் திட்டத்துக்கு முழுக்கு.

நான்கு வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள். இது மட்டும்தான் அவளுடையது.

காலையில் 'தேதி' என்ற பெயரில் இரண்டு நூலகங்கள் முட்டிக்கொண்டன. பெயருக்கு முன்னால் அதை எழுதிய குழுவின் பெயரைச் சேர்த்தாள். பழைய பெயரில் தேடிய ஏழு நூலகங்கள் படுத்துவிட்டன. அவற்றைத் திருத்தினால், ஒன்றுக்குத் தேதியின் பழைய பதிப்பு வேண்டுமாம், இன்னொன்றுக்குப் புதியதுதான் வேண்டுமாம். இரண்டுக்கும் இடம் கொடுத்தாள். இப்போது நூலகங்கள் 'நீ முதலில் வா' என்று ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, எதுவும் வந்து சேராமல் சுற்றின.

"சிம்பிளா ஒண்ணு பண்றேன்னியேடி?" என்றாள் பக்கத்து இருக்கை ரோஷினி.

"சிம்பிள்தான்டி! கொஞ்சம் சும்மா இரு!"

மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் துடித்தன.

"டென்சன் ஆவாதம்மா," என்றார் பாய். "எல்லாம் இந்த ஃபோல்டர்லதானே கீது?"

"ஆமா பாய். சிஸ்டமெல்லாம் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க."

அவர் மேசை மேசையாகக் குனிந்து நிமிர்ந்தார்.

இரண்டு ஐம்பத்தைந்து. கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: நூலகம் ஏற்கெனவே கணினியில் இருந்தால் மறுபடி இறக்காதே, 'தயார்' என்று சொல். சோதிக்க நேரமில்லை.

"ஆரம்பிங்க பவ்யா," குணசேகரன் வந்து நின்றார்.

தட்டினாள். கண் இமைப்பதற்குள் பன்னிரண்டு திரைகளிலும் பச்சை எழுத்து: 'எல்லாம் தயார்.'

"அட, இவ்ளோ வேகமா!" குணசேகரன் கைதட்டினார். "நாளையிலேருந்து இதுதான். பாய், அந்தப் பென் டிரைவைக் கழட்டிடுங்க."

ரோஷினி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பவ்யாவுக்குக் கண் நிறைந்தது. தான் செய்த ஒன்று, தன் கை படாமலே ஓடுகிறது!

எல்லோரும் கலைந்ததும் பாய் பென் டிரைவைப் பிடித்தபடி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இத்த கழட்ட வுடாதம்மா. நீ தவிக்கிறத பாக்க முடியாம, பன்னெண்டு சிஸ்டத்துலயும் முன்னாடியே இதுலேந்துதான் எல்லாத்தையும் ஏத்தி வுட்டேன்."