மூன்றாம் ஜெபம்

ஆண்டவருடைய சித்தம் அறிந்தவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் எதையும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. பெண் பார்க்கப் போவதும், வேலை மாறுவதும், மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டுவதும்கூட மேலிருந்து ஏவுதல் வந்த பிறகுதான். வராவிட்டால்? வரும்வரை முழங்காலில் நிற்பார். விரும்பியது வந்துவிட்டால் எழுந்துவிடுவார். அப்புறம் அந்த விஷயமாக மறுபடி ஜெபிக்க அவரை யாராலும் உட்கார வைக்க முடியாது.

லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாகவும் ஜெபவீட்டு மூப்பராகவும் இருந்த பரஞ்சோதி இந்த இனத்தில் முதல் தரம். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். காலையிலும் மரவள்ளிக் கிழங்கு, மாலையிலும் மரவள்ளிக் கிழங்கு என்று நாக்கு மரத்துப்போயிருந்த வருஷம். அந்த நிலையிலும் சபைப் பெண்கள் எப்போதாவது அரிசியைக் கண்டால், உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று வைத்தார்கள். அந்தக் கைப்பிடி அரிசி மூப்பர் வீட்டில் சேர்ந்தது. ஐந்து மாதத்தில், பால் டின்னால் அளந்தால் மூன்று டின்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மனைவி எஸ்தர் பேச்செடுத்தாள்.

"ஏங்க, பக்கத்து லயத்து வீட்டுப் பாப்பம்மாவுக்குப் புள்ள பொறந்து பத்து நாளாச்சு. புருஷன சயாமுக்கு ரயில் ரோடு போட புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. வெறுங் கிழங்கத் தின்னு பால் ஊறல. புள்ள அழக்கூட சத்தில்லாம கெடக்கு. அந்த அரிசியில கஞ்சி வச்சுக் குடுக்கட்டா?"

"ஜெபம் பண்ணித்தான் சொல்லணும்."

ஜெபித்தார். கண்ணை மூடியதும் பாப்பம்மாவின் முகம் வந்தது. தன் இளகின மனசு குறுக்கே வருகிறது என்று தீர்மானித்து மறுபடி ஜெபித்தார். இப்போது அந்தப் பிள்ளையின் முனகலே கேட்டது. சத்துரு கவனத்தைக் கலைக்கிறான் என்று கண்டுகொண்டார். மூன்றாம் முறை, மறுநாள் கூலிமிலிருந்து போதகர் வருகிறார் என்பது நினைவுக்கு வந்தது. ஊழியக்காரரைக் கிழங்கு போட்டா அனுப்புவது? வந்தவரைத் தனியே சாப்பிட விடலாமா? மரியாதைக்கு மூப்பரும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு கண்முன் தெரிந்தது. மனசில் சொல்லொணாச் சமாதானம் இறங்கியது. கண்ணீர் வந்தது. அது நிஜமான கண்ணீர்தான். வாயிலும் ஊறியது, அதுவும் நிஜம்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரும் மூப்பரும் இலைமுன் உட்கார்ந்தார்கள். எஸ்தர் அவித்த கிழங்கை வைத்தாள்.

"அரிசி எங்கடி?" என்றார் மூப்பர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாப்பம்மா வீட்டுல. நேத்தே கஞ்சி வச்சுக் குடுத்துட்டேன். மிச்சத்தையும் அங்கயே வச்சாச்சு."

"ஆண்டவர் எனக்குத் தெளிவா சொன்னாரே!"

"எனக்குஞ் சொன்னாருங்க. ஒரு தடவதான் சொன்னாரு. நான் திரும்பக் கேக்கல."

டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் வெயிலோடு வந்திருந்த போதகர் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லலா மூப்பரே. வழியெல்லாம் எனக்கும் சோறுன்னுதான் உணர்த்திக்கிட்டே வந்தாரு" என்று பெருமூச்சு விட்டு, கிழங்கை ஆசீர்வதித்தார்.

பக்கத்து லயத்திலிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. நேற்றைவிடக் கொஞ்சம் பலமாகவே அழுதது. பரஞ்சோதிக்கு வெட்கமாக இருந்தது. தலை நிமிராமல் கிழங்கை அவசரமாக வாயில் திணித்துக்கொண்டார். எஸ்தர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசியாக உங்களுக்கு வந்த ஏவுதல் எத்தனையாவது ஜெபத்தில் வந்தது என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இதை எழுதலாமா என்று நானும் ஜெபித்துத்தான் கேட்டேன். முதல் இரண்டு தடவையும், காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார் என்பதுபோல் ஏதோ தோன்றியது. மூன்றாம் தடவைதான் எழுதச் சொன்னார்.