மூன்று பூட்டும் ஒரு துளையும்

என் கல்லீரலை என் மனைவியின் கண்ணில் படாமல் மறைத்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை சபதம் எடுத்தேன்.

இதில் என்ன பெரிய வீரம் என்பீர்கள். அவள் கல்லீரல் சர்ஜன். வயிற்றைக் கிழிக்காமல், நாலு சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுக் கட்டியை எடுப்பவள். அதிலேயே ஆராய்ச்சியும் செய்கிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் துளைத்தெடுப்பாள். வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்டு என்னைத் துளைத்தெடுப்பாள். இரண்டிலும் ரத்தச் சேதம் குறைவு.

எனக்குக் கல்லீரலில் ஒரு கட்டி. வேறொரு ஆஸ்பத்திரியில் திருட்டுத்தனமாக ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொண்டேன். "டெஸ்ட் எடுங்க, டெஸ்ட் எடுங்க" என்று மூன்று வருஷமாகக் கரடியாகக் கத்தியவள் அவள். "எனக்கென்ன கேடு?" என்று மூன்று வருஷமாகச் சொன்னவன் நான். இப்போது போய் நின்றால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? கட்டியோடு வாழ்ந்துவிடலாம். 'நான்தான் சொன்னேனே' என்கிற அந்த முகத்தோடு வாழ முடியாது. பயமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

என் பிழைப்பே பூட்டுதான். உள்ளே நுழைகிறவன் நிஜமாகவே அவன்தானா என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றிப் பதினாறு கட்டுரை எழுதியிருக்கிறேன். ரிப்போர்ட்டை லேப்டாப்பில் போட்டு மூன்று பூட்டு மாட்டினேன். இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு. கைரேகை. செல்போனுக்கு வரும் ரகசிய எண். மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டால்கூட, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டுதான் போடுவேன்.

"ஏங்க, கையை ஏன் அப்படி மூடிட்டுத் தூங்கறீங்க?"

"குளிருது."

"விரலுக்கு மட்டுமா?"

அதோடு விட்டுவிட்டாள். துளைக்காமல் விட்டாளே என்று நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் ஜெயித்தேன். நாலாவது வாரம், காலையில் காபியை மேஜையில் வைத்தபடி சொன்னாள்.

"வியாழக்கிழமை லீவு சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"ஆபரேஷன்."

"யாருக்கு?"

"கட்டி யாருக்கோ அவருக்கு. இப்ப சின்னதாத்தான் இருக்கு, துளை போட்டே எடுத்துடலாம். மூணு வாரம் ஒளிச்சு வெச்சீங்களே, மூணு மாசம் வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"எப்படித் திறந்தே? மூணு பூட்டு போட்டிருந்தேனே!"

"பூட்டை யார் தொட்டா? கீழே பொடி எழுத்துல 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?'ன்னு இருந்துச்சு. அமுக்கினேன். ஒரு கேள்வி கேட்டுச்சு."

அடக் கஷ்டகாலமே, அந்தப் பின்வாசல்! கல்யாணமான புதிதில் நான் வைத்த கேள்வி. முதலில் இதை அடைத்துவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன், என் வீட்டில் அடைக்க மறந்திருக்கிறேன்.

"'உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?' மூணு தடவைதான் சான்ஸ். முதல்ல என் பேரைப் போட்டேன்."

நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புன்னுச்சு. உங்க அம்மா பேரைப் போட்டேன். அதுவும் தப்பு. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உங்க பேரைப் போட்டேன். டக்குனு திறந்துடுச்சு."

"அது பாதுகாப்புக்கும்மா! உன் பேரை வெச்சா எல்லாரும் ஈஸியா ஊகிச்சுடுவாங்களே!"

"நானும் அப்படித்தான் ஊகிச்சேன். தப்புன்னு சொல்லிடுச்சே."

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

"உங்களுக்குக் கல்லீரல்ல கல் மட்டும்தான் இருக்கு. ஈரம் இல்ல. ஸ்கேன்ல அது தெரியாது" என்றாள்.

"நீயேதானே ஆபரேஷன் பண்ணுவே?"

"மாட்டேன். எங்க சீனியர் பண்ணுவார். எனக்குக் கை நடுங்கும்."

"பாசத்துலயா, கோபத்துலயா?" என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மணிக்கட்டில் பட்டை கட்டிப் படுக்க வைத்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு நர்ஸ் வந்து, பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டு, நான் நான்தானா என்று சரிபார்த்தார். கடைசியாக வந்தவர் மட்டும் கையில் இருந்த படிவத்தைப் பார்த்து முழித்தார்.

"சார், மேடம் எழுதினதுல ஏதோ தப்பு இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். 'அவசரத்தில் அழைக்க வேண்டிய, நோயாளிக்கு மிகவும் நெருங்கியவர்' என்ற இடத்தில், கை கொஞ்சமும் நடுங்காமல், என் பெயரையே எழுதியிருந்தாள்.