மூன்றாவது தடவை கேட்காத அதிகாரி

ஸ்டாவிக், வடக்கு டகோட்டா
ஆலங்கட்டி விழுந்த மறு வாரம்

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு, அண்ணன் ஹார்லன் எழுதுவது. நானும் உன் அண்ணி வெர்னாவும் மோசமில்லை. இதற்கு மேல் சொன்னால் தற்பெருமையாகிவிடும். நீயும் உன் வீட்டுக்காரரும் மினியாபொலிஸ் நெரிசலில் நசுங்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் காணாமல் போய்விட்டது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நின்ற பெயர்ப் பலகைதான் போய்விட்டது. பனி அள்ளும் வண்டி இடித்து அது குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது உனக்குத் தெரியும். நமக்கு மேயரும் இல்லை, மன்றமும் இல்லை என்பதால், புதுப் பலகை வேண்டுமா என்று ஊராரிடமே கேட்க மாவட்டச் சாலை அலுவலகத்திலிருந்து டெரெக் என்று ஒருவன் வந்தான். கலிபோர்னியாக்காரன். சர்ச்சில் கூடினோம். வெர்னா காப்பி வேணுமா என்றாள். இரண்டு தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மூன்றாவதில் வாங்க வேண்டாமா? "ஓ, கொடுங்க!" என்று முதல் தடவையிலேயே கோப்பையை நீட்டிவிட்டான்! அத்தோடு விட்டானா? கடைசிக் கேக் துண்டை முழுதாக எடுக்கக் கூசி, நாங்கள் வழக்கம்போல் பாதி, பாதியில் பாதி என்று வெட்டி வெட்டி விரல்நுனி அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தோம். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, "புதுப் பலகை நட்டுடலாமா?" என்றான். பக்கத்துப் பண்ணை டெல்மர், "அட, எங்களுக்கு எதுக்குங்க? இருக்கிறதே ஏழு வீடு" என்றான். சரிதான், முதல் தடவை. "நிஜமாவே வேண்டாமா?" "உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?" என்றாள் வெர்னா. அதுவும் முறைதான். மூன்றாவது தடவை கேட்டதும், "சரி, இவ்வளவு வற்புறுத்தறீங்க, நட்டுட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டியவன் நான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவனோ, "ரொம்ப நல்லதாப் போச்சு, செலவு மிச்சம்" என்று எழுந்துபோய், போகிற வழியில் பழைய பலகையையும் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டான். மரமில்லாத பூமியல்லவா, ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. "ஓடிப்போய்ச் சொல்லேண்டா!" என்றேன் டெல்மரிடம். "போற மனுஷனை நிறுத்தினா நல்லாவா இருக்கும்?" என்றான்.

அப்புறம் கோதுமை அறுக்க வந்த இயந்திரக்காரர்கள் நம் திருப்பம் தெரியாமல் தாண்டிப்போய், வேறு எவன் வயலிலோ இறங்கிவிட்டார்கள். போனில் பிடித்தால், "உங்க ஊரையே காணோமேங்க!" என்கிறார்கள். ஆலங்கட்டி மட்டும் பலகை இல்லாமலே வழி கண்டுபிடித்து நேராக என் வயலுக்கு வந்தது. அறுக்காமல் நின்ற கோதுமையில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. வயிறு எரிகிறது ஆர்டிஸ். வாயைத் திறந்து 'வேணும்' என்று சொல்லத் தெரியாத ஜென்மங்கள்! வீடு தீப்பிடித்தாலும் இந்த டெல்மர் தீயணைப்பு வண்டிக்காரனிடம், "முதல்ல மத்தவங்களைப் பாருங்க" என்பான். இலையுதிர் காலத்துக்குள் பலகை வராவிட்டால் அடுத்த வரைபடத்தில் ஸ்டாவிக் இருக்காதாம். நம் அப்பா அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பெயரே இருக்காது. உன் மகன் கோரி நம் மாநிலத் தலைநகரில் சாலைத் துறையில்தானே இருக்கிறான்? அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரரின் முட்டிவலி தீரட்டும். உங்கள் கூரைமேல் கல்மழை விழாதிருக்கட்டும். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

அன்புடன்,
அண்ணன் ஹார்லன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஒரு வண்டி. அதே டெரெக். பின்னால் பளபளவென்று புதுப் பலகை, 'ஸ்டாவிக்' என்று கொட்டை எழுத்தில். "மனசு கேக்கல சார். நட்டுடட்டுமா? நீங்க சரின்னா போதும்" என்றான். வெர்னாவும், வேலியோரம் நின்ற டெல்மரும் என் வாயையே பார்த்தார்கள். "அட, இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன். போய்விட்டான்.

கோரியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆர்டிஸ். பிள்ளைக்கு எதற்கு வீண் தொல்லை? நீ இந்த ஊரில் வளர்ந்தவள். இந்த 'வேண்டாம்' முதல் தடவை என்று வைத்துக்கொள்.