வண்டி நிற்கிறதா, போகிறதா?

புதுமை செய்கிறவர்கள்மேல் எனக்கு ஒரே ஒரு புகார்தான் உண்டு. அதை அவர்கள் தனியாகச் செய்து தொலைப்பதில்லை. பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். எழுபதுகளில் சென்னையில் ஒரு கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது, எங்கள் பேராசிரியர் கனகசபை செய்த புதுமைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் நான்தான். அவருக்குப் பாராட்டு கிடைத்தது. எனக்கு ரயில்வே போலீஸ் கிடைத்தது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில். நைனா அங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டர். (ஆந்திர எல்லை பக்கம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குத் தெலுங்கில் தெரிந்தது அந்தச் சொல்லும் சில நல்ல திட்டுகளும்தான்.) காலை பாசஞ்சரில் நானும், கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூரில் ஏறுகிற வேறு சில மாணவர்களும் சென்னைக்குப் போவோம். வண்டி என்றைக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் டிரைவரையே சந்தேகமாகப் பார்ப்போம். நாங்கள் கல்லூரிப் படியேறும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். முதல் வகுப்பு இயற்பியல். வருகைப் பதிவில் எங்கள் பெயருக்கு நேரே சுழி சுழியாக இருக்கும்.

ஒருநாள் பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டார். "உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. நீங்கள் வகுப்புக்கு வர முடியவில்லை என்றால், வகுப்பு உங்களிடம் வரும். இனிமேல் உங்களுக்கு முதல் வகுப்பு ரயிலிலேயே நடக்கும்; உள்ளூர்க்காரர்களுக்கு அதை மத்தியானம் எடுத்துக்கொள்கிறேன். நகரும் வகுப்பறை! நம் நாட்டில் யாரும் செய்யாதது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்காக ஒரு மனிதர் இவ்வளவு யோசிக்கிறாரே என்று அன்று இரவு அம்மாவிடம் உருகி உருகிச் சொன்னேன். அவர் பொன்னேரியில் புது வீடு கட்டிக் குடிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன என்பதும், அதே பாசஞ்சரில்தான், முன்பெட்டியில் ஏறி, அவரும் தாமதமாக வந்துகொண்டிருந்தார் என்பதும், அவருக்குப் பதிலாக வேறொருவர்தான் வகுப்பெடுத்து எங்களுக்குச் சுழி போட்டார் என்பதும், பிரின்சிபால் அவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கம் கேட்டார் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் அந்தக் கண்ணீரை மிச்சம் பிடித்திருப்பேன்.

வண்டி கிளம்புகிற ஊர்க்காரி என்பதால் இடம் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசிப் பெட்டியில்தான் கூட்டம் குறைவு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அங்கே எதிரெதிர் பெஞ்சுகளில் துண்டு, புத்தகம், டிபன் டப்பா எல்லாவற்றையும் பரப்பிவைத்து, ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது வேலை, கரும்பலகை. கறுப்பு வண்ணம் பூசிய கெட்டித் துணி. பாய் மாதிரி சுருட்டலாம். மேலே ஒரு கட்டை, கட்டையில் ஒரு கொக்கி. அதைச் சாமான் பலகையில் மாட்டிவிட்டு, காற்றில் படபடக்காமல் கீழ்முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். ஆக, மற்றவர்கள் உட்கார்ந்து இயற்பியல் படித்தார்கள். நான் நின்றுகொண்டு பலகையின் பின்பக்கத்தைப் படித்தேன்.

பொன்னேரியில் கன்னியம்மா ஏறுவாள். பழவேற்காட்டுக்காரி, ஏரி நண்டும் இறாலும் வாங்கிச் சென்னையில் விற்பவள். கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வகுப்பைக் கவனிப்பாள். அவள் அளவுக்கு எங்களில் யாரும் கவனித்ததில்லை. "இன்னா சார், நேத்து உட்ட எடத்துலேர்ந்து சொல்லு" என்பாள். பேராசிரியருக்கு அதில் பெருமைதான்.

இப்படி ஒரு பருவம் ஓடியது. பிறகு பேராசிரியர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். புதிய கற்பித்தல் முறைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிற குழுவிலிருந்து ஒரு பெரியவர் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அன்றிலிருந்து பேராசிரியர் தரையில் நடக்கவில்லை. "சரோஜா, எல்லாம் சரியாக நடந்தால் உன் எம்.எஸ்ஸி. இடத்துக்கு நானே சிபாரிசு செய்வேன்" என்றார். எனக்கு எம்.எஸ்ஸி. என்பது அப்போது உயிர். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அம்மா ஜாதகத்தைத் தூசி தட்டி வைத்திருந்தாள்.

பெரியவர் முந்தின நாளே வந்து பேராசிரியர் வீட்டில் தங்கிவிட்டு, பொன்னேரியில் அவரோடு ஏறினார். அந்த வேக்காட்டிலும் கோட்டு, சூட்டு, டை. என்றைக்கும் இல்லாத கூட்டம் அன்றைக்கு. சாமான் பலகை முழுக்க மூட்டை. எதிர்ப்பக்க ஜன்னல்களைப் பால் கேன்காரர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையை மாட்ட இடமில்லை. பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு மேலே ஒரு சங்கிலி வளைந்து தொங்கியது.

"அதில் மாட்டு."

"சார், அது அபாயச் சங்கிலி சார்."

"எனக்குப் படிக்கத் தெரியும். வெறும் துணிதானே? இதன் எடை என்ன, அந்தச் சங்கிலியை இழுக்கத் தேவையான விசை என்ன? நீ இயற்பியல் மாணவிதானே?"

மாட்டினேன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பெண், என் கையாலேயே மாட்டினேன். பலகை ஜன்னலை முழுக்க மூடிக்கொண்டது. கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைய பாடம் சார்பியக்கம். பேராசிரியர் குரலை உயர்த்தினார். "நான்கு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் ஒருவன் இருக்கிறான். பெட்டி குலுங்காமல் சீராகப் போகிறது. தான் நின்றுகொண்டிருக்கிறோமா, போய்க்கொண்டிருக்கிறோமா என்று அவனால் சொல்ல முடியுமா? முடியாது!" பெரியவர் தலையை ஆட்டினார்.

மீஞ்சூரில் ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறியவன் ஏழுமலை. எண்ணூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அந்த வாரம்தான் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தான். சங்கு ஊதியபின் கேட்டுக்குள் விடமாட்டார்கள். தாமதமாக வந்தால் மறுநாள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் வகுப்புக்கு நடுவில் அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகிற மற்றவர்களெல்லாம் முன்பெட்டிகளில் ஏறுகிறவர்கள். எங்கள் பெட்டியில் எண்ணூருக்கு அவன் ஒருவன்தான்.

அத்திப்பட்டு தாண்டியதும் வண்டி சிக்னலுக்காக நின்றது. கிளம்பியது. மறுபடி நின்றது.

"யக்கா, இது எந்த ஸ்டேஷன்?" என்றான் ஏழுமலை என்னிடம்.

"சிக்னல்தான் போலிருக்கு" என்றேன். பலகையின் பின்பக்கம் எனக்கு வேறென்ன தெரியும்?

"வண்டி நிக்குதா, போவுதாக்கா?"

பேராசிரியர் பூரித்துப்போனார். "பார்த்தீர்களா! அதே கேள்வி! ஒரு பாமரனுக்கும் எழுகிற கேள்வி!" என்று பெரியவர் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல மூடிக்கினு கேள்வி கேட்டா இன்னாத்த தெரியும்?" என்றாள் கன்னியம்மா.

அதற்குள் வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது. ஏழுமலைக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் குனிந்து பலகையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான். வெளியே, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், எண்ணூர் போய்க்கொண்டிருந்தது.

"அய்யோ, எண்ணூருக்கா!"

வாசலுக்குப் பாய்ந்தவன் கையில் பலகையின் ஓரமும் சேர்ந்து போனது. நான் விடவில்லை. (பலகையை எந்த நிலையிலும் விடக்கூடாது என்பது எனக்கு இடப்பட்டிருந்த கட்டளை.) அவன் இழுத்தான், நான் பிடித்தேன், மேலே கொக்கி கிறீச்சென்றது. சங்கிலி 'கடகட'வென்று இறங்கி வந்தது. எங்கோ புஸ்ஸென்று காற்று போகிற சத்தம். பெட்டி தூக்கிப்போட்டு நின்றது.

உட்கார்ந்திருந்தவர்கள் எதிரே இருந்தவர்கள் மடியில் போய் விழுந்தார்கள். பெரியவர், நல்ல நேரம் பார்த்து, டையைச் சரிசெய்ய எழுந்து நின்றிருந்தார். அவர் நேராகப் போய் உட்கார்ந்தது கன்னியம்மாவின் நண்டுக் கூடையில்.

"சாமி, ஏந்திரி சாமி! நண்டெல்லாம் நசுங்கிப்பூடும்!" என்று கன்னியம்மா அலறினாள். பெரியவரும் அலறினார். கால் கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கியது. ஏழுமலை பிளாட்பாரத்தில் குதித்து, திரும்பிப் பார்க்காமல் தொழிற்சாலையைப் பார்த்து ஓடினான்.

நான் தலைமேல் பலகை கவிழ்ந்து நின்றுகொண்டிருந்தேன். இருட்டில் பேராசிரியரின் குரல் மட்டும் கேட்டது.

"இதுதான் நிலைமம்! பெட்டி நின்றுவிட்டது, நாம் நிற்கவில்லை!"

பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இது... நீங்கள் திட்டமிட்டதா, கனகசபை?"

தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு பேராசிரியர் அடக்கமாகச் சொன்னார். "மாணவர்கள் உணர வேண்டும் அல்லவா, சார்? சொன்னால் மறந்துவிடுவார்கள்."

"அபாரம்!" என்றார் பெரியவர், நண்டோடு.

பலகையை விலக்கிக்கொண்டு நான் வெளியே வருவதற்கும் கார்டு கொடியோடு பெட்டிக்குள் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. நைனாவோடு டீ குடிக்கிற மனிதர். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"யாரு இழுத்தது சங்கிலிய?"

நான் பேராசிரியரைப் பார்த்தேன். இப்போதுதானே திட்டமிட்டது தான்தான் என்று வாயால் சொன்னார்? ஒரு மனிதர் ஒரு நிமிஷத்துக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாது. பலகைக்குப் பொறுப்பு அந்தப் பெண்."

கார்டு திரும்பினார். கொக்கியைப் பார்த்தார். கொக்கியிலிருந்து கட்டை, கட்டையிலிருந்து துணி, துணியின் முனையில் என் இரண்டு கை.

"அடப்பாவமே! நம்ம ஏ.எஸ்.எம். பொண்ணா! நீயாம்மா இந்த வேல செஞ்சே?"

"நான் இழுக்கல மாமா! வேற ஒருத்தன் இழுத்தான்."

"எங்க அவன்?"

"ஓடிட்டான்."

"ஆமாமா, எல்லா கேஸ்லயும் அவன் ஓடிப்பூடுவான்" என்றார் கார்டு வருத்தத்தோடு.

கன்னியம்மா ஒருத்திதான் எனக்காகப் பேசினாள். "பாவம், அந்தப் பொண்ணு இன்னா செய்யும்? அந்தக் கண்ணாடி ஆளுதான் அதுல மாட்டச் சொன்னான். என் நண்டுக்கு யாரு பதில் சொல்றது?" கடைசி வாக்கியத்தால் அவள் சாட்சியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து நைனாவுக்கு ரயில்வே போனில் தகவல் சொன்னார்கள். அந்தக் காலத்து கண்ட்ரோல் போன் என்பது ரகசியம் பேசுகிற கருவி அல்ல. ஒருவர் பேசினால் அந்தத் தடத்தில் இருக்கிற அத்தனை ஸ்டேஷன்காரர்களும் காதில் வைத்துக் கேட்கலாம். கேட்டார்கள். "கும்மிடிப்பூண்டி, உன் பொண்ணு வண்டிய நிறுத்திட்டாப்பா" என்று எண்ணூர் சொன்னதும், மீஞ்சூர் "எந்தப் பொண்ணு?" என்று கேட்டதாம். பொன்னேரி "பெரியவதான், காலேஜ் போறாளே" என்றதாம்.

சென்னையில் என்னை ரயில்வே போலீஸ் அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பலகையும் தடயப்பொருளாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் "கல்லூரிக்கு நேரமாகிறது" என்று பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு நேரம் ஒரு விஷயமாகத் தெரிந்தது. அடுத்த வண்டியில் நைனா வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்தார், அபராதம் கட்டினார், என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வண்டியில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"என் சர்வீஸ்ல ஒரு வண்டி என்னால லேட்டானதில்ல. இன்னிக்கி உன்னால ஏழு வண்டி லேட்டு. பின்னாடி வந்த எக்ஸ்பிரஸையும் சேத்து."

"நைனா, நான் இழுக்கல."

"தெரியும். அந்தக் கன்னியம்மா சென்னை பிளாட்பாரத்துலயே என்னப் பிடிச்சு சொல்லிட்டா. ஆனா எக்ஸ்பிரஸுக்கு அது தெரியாதே."

சரி, நியாயம் ஜெயிக்கும் என்று காத்திருந்தேன். பல்கலைக்கழகக் குழு பேராசிரியருக்கு உதவித்தொகை கொடுத்தது. பாராட்டும் கொடுத்தது. பெரியவரின் அறிக்கையில், 'இடையில் ஏற்பட்ட நிறுத்தம் பாடத்தை மேலும் ஆழமாக விவாதிக்க உதவியது' என்று இருந்ததாம். நண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதோடு, இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் பொன்னேரியிலிருந்து அல்லாடலாமா என்று கல்லூரி வளாகத்திலேயே அவருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள்.

குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நகரும் வகுப்பறை நகராமல் நின்றுவிட்டது. இயற்பியல் பழையபடி கல்லூரியில், முதல் வகுப்பாக, சரியான நேரத்துக்கு நடந்தது. அவர் வீட்டிலிருந்து வகுப்புக்கு நடக்கிற தூரம்தானே! நாங்கள் பழையபடி பாசஞ்சரில் வந்து, மூச்சிரைக்க வாசலில் நின்றோம். என்னை நிமிர்ந்து பார்த்து, "ரயிலைக் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை, சரோஜா" என்று சுழி போட்டார். அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியாமல் வந்தேனே, அதற்கு எனக்கு ஏதாவது ஒரு குழு பாராட்டு கொடுத்திருக்க வேண்டும். சிபாரிசும் வரவில்லை, எம்.எஸ்ஸி.யும் கிடைக்கவில்லை. அம்மா தூசி தட்டிய ஜாதகம் வெளியே வந்தது.

பெண் பார்க்க வந்தவர்களும் ரயில்வேக்காரர்கள்தான், அரக்கோணத்திலிருந்து. மாப்பிள்ளையின் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?"

நைனா காபியை உறிஞ்சிக்கொண்டே, "பாட வராதுங்க. வண்டிய நிறுத்தத் தெரியும்" என்றார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்தது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். முதல் ராத்திரியிலேயே முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சரி, நீ இழுக்கல. ஆனா நல்லாத்தான் புடிச்சினு இருந்திருக்கே" என்றார்.

அன்றிலிருந்து, எந்த ரயில் நடுவழியில் நின்றாலும் என் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். குழந்தைகளும் அப்பாவைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். சமீபத்தில் திருப்பதி போய்த் திரும்பும்போது வண்டி எங்கேயோ பொட்டல் வெளியில் நின்றுவிட்டது. நான் அந்த நேரம் மேல் படுக்கையில் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எழுப்பிக் கேட்டார்கள்.